நான் எழுதாமல் விட்ட பதினாலு குடும்பங்கள்

1

மலர்க் குழுவினருக்கு வணக்கம். நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மேட்டூரை விட்டு மைசூருக்கு வந்து இந்த ஆனியோடு எனக்கு இருபத்தைந்து வருஷம் முடிகிறது. தூண்டிலும் கையுமாகத் திரிந்த ஒரு பெண் மீன்வளக் கொள்கை எழுதும் நாற்காலிக்கு எப்படிப் போனாள் என்று இப்போது படிக்கிற பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டுமாம். பெரிய மீனைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு புகைப்படமும் கேட்டிருந்தீர்கள். புகைப்படம் இருக்கிறது. கட்டுரையைத்தான் நீங்கள் கேட்டபடி எழுத முடியவில்லை. மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைசூரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் ஓர் அணை வரும். பெயர் வேண்டாம். அதன் பின்நீர்க் கரையில் நம் பக்கத்து ஆட்கள் பதினாலு குடும்பம் குடிசை போட்டு மீன் பிடித்துப் பிழைக்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் அவர்கள் கரையைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. அந்த உத்தரவுக்கு ஆதாரமான விதியை எழுதியவள் நான். அவர்கள் பெயர் இல்லாத பட்டியலைத் தயாரித்தவளும் நான்தான். இதை வைத்துக்கொண்டு நான் எந்தப் பிள்ளைக்கு வழி காட்டுவது?

2

என் அப்பா அணையில் மதகு இயக்கும் வேலையில் இருந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மதகை மூடிய மறுநாள் கீழே பாறைக் குழிகளில் மீன் தேங்கி நிற்கும். எட்டாம் வகுப்பிலிருந்தே அங்கே முதல் ஆள் நான்தான். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கடி தூண்டில் என்று அம்மா தூண்டில் நரம்பைச் சுருட்டி அடுப்பில் போட்டதும், அன்றைக்கே நான் கடைக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்ததும் நம் வகுப்பில் பிரசித்தமான கதை. மீன்வளப் படிப்பில் சேர்ந்ததற்குப் பெரிய இலட்சியம் ஒன்றும் கிடையாது. சம்பளமும் கொடுத்துத் தண்ணீர் ஓரமாக நிற்கவும் விடுவார்கள் என்று நம்பினேன், அவ்வளவுதான்.

படிப்பு முடிந்த கையோடு கல்யாணம். அவர் பெயர் சண்முகம், மைசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அக்ரஹாரத்தில் ஒரு சந்தில் மாடி வீடு பிடித்திருந்தார். வீட்டுக்காரர்கள் தங்கமான மனிதர்கள். ஒரே ஒரு நிபந்தனை, வீட்டில் மீன் சமைக்கக் கூடாது. எனக்குத்தானா இப்படி அமைய வேண்டும்! இரண்டு வருஷம் மீன் வாசனையே இல்லாமல் கிடந்தேன். கன்னடம் படிக்கத் தெரியாது, பஸ் எண்ணை மனப்பாடம் செய்துதான் வெளியே போவேன். ஒருநாள் எண்ணை மாற்றிப் பார்த்து ஏறிவிட்டேன். பாதி வழியில் தெரிந்ததும் நடத்துநர் திட்டிக்கொண்டே இறக்கிவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் புளிய மரத்தடியில் நின்று அழுதிருக்கிறேன்.

இப்போது கன்னடம் சரளமாக வரும். வரவேண்டிய இடத்தில் மட்டும் வந்தால் பரவாயில்லை. ஊருக்குப் போன் செய்து பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘இல்லையா’ என்பதற்குப் பதில் ‘அல்வா’ என்று முடிக்கிறேனாம். என்னடி எப்பப் பார்த்தாலும் அல்வா அல்வா என்கிறாய், ஆசையாக இருந்தால் வாங்கித் தின்ன வேண்டியதுதானே என்று சித்தி கேட்டாள். என் மகள் காவ்யாவின் கதை வேறு. சட்டம் கடைசி வருஷம் படிக்கிறாள். எனக்கு வாட்ஸ்அப்பில் தமிழைக் கன்னட எழுத்தில்தான் அனுப்புவாள். மேட்டூருக்குக் கூட்டிப் போனால் இரண்டாம் நாளே, எப்பம்மா நம்ம ஊருக்குப் போறது என்று கேட்பாள். அது எனக்குச் சுருக்கென்று தைக்கும். அவள் மேல் தப்பில்லை, அவளுக்கு இதுதான் ஊர்.

3

காவ்யாவுக்கு ஐந்து வயதாகும்போது அந்த அணையைக் கண்டுபிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டுத் தூண்டிலோடு போனேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் ஒன்றும் கடிக்கவில்லை. ஆள் இல்லாத இடம்தானே என்று மீனை வாய்க்கு வந்தபடி தமிழில் திட்டிக்கொண்டிருந்தேன். பரிசலில் போய்க்கொண்டிருந்த ஒருத்தி துடுப்பை நிறுத்தினாள்.

“அங்க போட்டீங்கன்னா பாசிதானுங்க்கா வரும். இந்தப் பக்கம் வாங்க.”

அவள்தான் ராசாத்தி. கொளத்தூர்ப் பக்கம். நம் பக்கத்தில் மீன் கிடைக்காமல் போன ஒரு வறட்சியில் புருஷன் காளியப்பனோடும் உறவுக்காரர்களோடும் ஆற்றை ஒட்டி மேலே மேலே வந்து இங்கே தங்கிவிட்டவள். அன்றைக்கு அவள் காட்டிய இடத்தில் எனக்கு ஒரு கட்லா மாட்டியது. நீங்கள் கேட்ட புகைப்படம் அதுதான், எடுத்தவன் காளியப்பன். பதினேழு வருஷமாக மாதத்தில் இரண்டு ஞாயிறாவது நான் அங்கே போகாமல் இருந்ததில்லை. அவர்கள் குடிசையில்தான் மீன் குழம்பு சாப்பிடுவேன். அவள் மகள் பிறந்ததும் அந்தக் கரையில்தான். அந்தப் பெண் இப்போது பக்கத்துக் கிராமத்துக் கன்னடப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள்.

கொள்கை வேலைக்கு வந்ததும் இந்த ஞாயிறுகளால்தான். மீன்வளக் கொள்கை தயாரிக்க ஒரு சின்ன ஆலோசனைப் பிரிவு தொடங்கி, ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தார்கள். நேர்காணலில் ஒரு கேள்வி. அணை நிறையத் தண்ணீர், குஞ்சும் நிறைய விட்டாயிற்று, ஆனாலும் அடுத்த வருஷம் மீன் இல்லை, ஏன்? எனக்கு முன்னால் போனவர்கள் தண்ணீரின் தரம், தீவனம் என்று புத்தகத்தை ஒப்பித்தார்களாம். முதல் வெள்ளத்துக்குச் சினை மீன் ஓடையில் ஏறும், ஓடை வாயிலேயே எவனோ சின்னக் கண் உள்ள பொடி வலையை அடைத்துக் கட்டியிருப்பான், போய்ப் பாருங்கள் என்றேன் நான். கேட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் எழுதிய வரைவுகளில் பாதி ராசாத்தி சொன்னது. எந்த மாதம் வலை போடக் கூடாது, வலைக்கண் எவ்வளவு அகலம் இருந்தால் குஞ்சு தப்பும், எந்த ஓடையை விட்டுவைக்க வேண்டும் என்று அவள் பரிசலில் உட்கார்ந்து சொன்னதை நான் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். கூட்டங்களில் எல்லோரும் என்னைக் கள அனுபவம் உள்ளவள் என்பார்கள். எனக்குப் பெருமை பிடிபடாது.

4

இப்போது அந்தக் கணக்கெடுப்புக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

கரையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு அங்கே மீன்பிடி உரிமம் கிடையாது. உள்ளூரில் உரிமம் வைத்திருக்கும் ஒருவர் பெயரில்தான் அவர்கள் வலை போடுவார்கள். ராசாத்தியின் ஆட்களுக்கு மாதேஷ் என்று ஒருவர். கரையில் எடை போடும்போது அவர்கள் பிடித்த மீன் எல்லாம் மீனவர் சங்கத்து நோட்டில் மாதேஷ் பிடித்த மீனாக ஏறும். அந்த நோட்டைப் பார்த்தால் மாதேஷ் ஒரே ஆள், ஒரே நாளில் பத்துப் பரிசல் ஓட்டியிருப்பார். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. மாதேஷும் மோசமான ஆள் இல்லை. காவிரித் தகராறு முற்றிய ஒரு வருஷம் இந்தப் பதினாலு குடும்பத்தையும் நாலு நாள் தன் தோட்டத்துக் கொட்டகையில் மறைத்து வைத்துச் சோறு போட்டவர்.

நாலு வருஷத்துக்கு முன் கொள்கைக்காக அடிப்படைக் கணக்கெடுப்பு நடந்தது. எந்தக் கரையில் யார் குடியிருக்கிறார்கள், எத்தனை வலை, எத்தனை பரிசல் என்று வீடு வீடாக எழுத வேண்டும். ராசாத்தி இருக்கும் கரையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். படிவத்தைப் பார்த்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க பேர மட்டும் எழுதிப்புடாதீங்க்கா. பேரு காயிதத்துல ஏறுச்சுன்னா, நாளைக்கு ஒரு தகராறுன்னா மொதல்ல எங்களத்தான் தேடிட்டு வருவாங்க.”

நான் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. குடியிருப்பு என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அரசாங்கப் படிவத்தில் தெரிந்தே பொய் எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சத்தியமாகச் சொல்கிறேன், மனசு நிறைந்திருந்தது. நம் ஆட்களுக்கு நாம் செய்யாமல் யார் செய்வது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு மத்தியானம் அவள் வைத்த விரால் குழம்பை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

போன வருஷம் இறுதி வரைவு. நகரத்துக் குத்தகைக்காரர்கள் சினைக் காலத்தில் கூலி ஆட்களை இறக்கிப் பொடி வலை போட்டு அள்ளிக்கொண்டு போவது எனக்குப் பொறுக்கவில்லை. அவர்களைத் தடுக்க ஒரு விதி சேர்த்தேன். அடிப்படைக் கணக்கெடுப்பில் பதிவாகாத எவரும் தடைக்காலத்தில் கரையில் தங்கக் கூடாது, உரிமமும் கோரக் கூடாது. இறுக்கமாக இருக்கிறது, ஓட்டை இல்லை என்று கூட்டத்தில் பாராட்டினார்கள். எழுதியபோதோ, தட்டச்சுக்குக் கொடுத்தபோதோ, நாலு தடவை பிழை திருத்தியபோதோ ராசாத்தி என் நினைவுக்கே வரவில்லை. பதிவாகாதவர்கள் என்றால் என் மனசில் அந்தக் குத்தகைக்காரர்களின் லாரிதான் வந்து நின்றது. அவள் எனக்குத் தெரிந்தவள், அதனால் அவள் எங்கேயோ பதிவாகி இருக்கிறாள் என்பது போல ஒரு மிதப்பு. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

5

இரண்டு வாரத்துக்கு முன் உத்தரவின் நகல் என் மேஜைக்கு வந்தது. கரை வாரியாகப் பட்டியல். அந்தக் கரைக்கு நேராக, பதிவான குடியிருப்பு இல்லை, இருப்போர் மாதக் கடைசிக்குள் அகற்றப்பட வேண்டும் என்று இருந்தது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி படித்தேன். அப்படியேதான் இருந்தது.

எங்கள் அதிகாரி நல்ல மனிதர். எனக்குப் புரிய வேண்டும் என்று கன்னடத்தை இன்றைக்கும் நிதானமாகவே பேசுவார். விடுபட்ட பெயர்களைச் சேர்க்க முடியுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். திருத்தம் கோரும் கெடு முடிந்துவிட்டது என்றார். ஒரு கரையே விட்டுப்போயிருந்தால் என்றேன். கோப்பை எடுத்து வரச் சொல்லி என் கையெழுத்தைக் காட்டினார். நீங்களே நேரில் பார்த்து இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே மேடம் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டதில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருக்கிறது. கதவைச் சாத்தச் சொன்னார்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். தெரிந்தே மறைத்தேன் என்று நான் எழுதிக் கொடுத்தால் கோப்பைத் திறக்கலாம். ஆனால் ஒரு கரை பொய் என்றால் மற்ற கரைகளை எப்படி நம்புவது என்று மேலே கேட்பார்கள். கணக்கெடுப்பு மொத்தமும் நிறுத்தப்படலாம். அதை நம்பித்தான் இதுவரை உரிமம் இல்லாத சுற்றுக் கிராமத்து மீனவர்களுக்கு முதல் தடவையாகச் சொந்த உரிமம் வரப் போகிறது. அவர்கள் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டி வரும், என் வேலையும் போகும். எழுதிக் கொடுக்காவிட்டால் பதினாலு குடும்பம் போகும். நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள், நான் இதைக் கேட்கவே இல்லை என்றார். கோபப்பட்டிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

கடிதத்தை அன்றைக்கே எழுதிவிட்டேன். கொடுக்கத்தான் தைரியம் வரவில்லை. பத்து நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அலைந்தேன்.

வீட்டில் சொன்னேன். அவர் கொடுக்காதே என்றார். இவ்வளவு வருஷம் அந்நிய ஊரில் ஒரு சொல் வாங்காமல் இருந்தாயிற்று, இப்போது தமிழ்க்காரி தமிழ்க்காரர்களுக்காகப் பொய் எழுதினாள் என்று பேர் வாங்கப் போகிறாயா என்று கேட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. காவ்யா கடிதத்தை வாங்கிப் படித்தாள். கன்னடத்தில் இரண்டு பிழை திருத்திக் கொடுத்தாள். அவங்களைக் காப்பாத்தத்தானே அப்படி எழுதினேன் என்று அவளிடம் அழுதேன்.

“நீ அவங்களக் காப்பாத்தலம்மா. உன் மனசுக்கு எது நல்லா இருந்துச்சோ அதப் பண்ணினே, அஷ்டே.”

அஷ்டே என்றால் அவ்வளவுதான் என்று அர்த்தம். மடியில் போட்டு வளர்த்த பெண் சொன்னபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் சொன்னது சரிதான்.

6

போன ஞாயிற்றுக்கிழமை அணைக்குப் போனேன், தூண்டில் இல்லாமல். எதற்குப் போனேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ராசாத்தியிடம் எல்லாவற்றையும் சொல்லி, கடிதத்தைக் கொடுக்கட்டுமா என்று கேட்க நினைத்தேன். உங்க வேலை போயிடும், வேணாங்க்கா, நாங்க எங்கயாவது பொழச்சுக்கறோம் என்று அவள் சொல்வாள். அதைக் கேட்டுவிட்டால் நான் சும்மா இருந்துவிடலாம். அப்படி ஒரு ஆசை அடிவயிற்றில் இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

கரையில் ஒருவரும் மூட்டை கட்டவில்லை. கெடுவுக்குப் பத்து நாள்கூட இல்லை, காளியப்பன் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுப் புதுத் தார் பூசிக்கொண்டிருந்தான். பக்கத்துக் குடிசைக்கு ஓலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். குடிசை மூங்கிலில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இது என்ன என்று படித்தீர்களா என்று ராசாத்தியிடம் கேட்டேன்.

“பாப்பா படிச்சுச் சொன்னாளுங்க்கா. பட்டியல்ல பேரு இல்லாதவங்க போவோணுமாம். நமக்கென்ன, நீங்கதான் எழுதியிருக்கீங்களேன்னு எல்லாத்துக்கும் சொல்லிப்போட்டேன்.”

“நான் எழுதல ராசாத்தி. நீதானே எழுத வேணாம்னு சொன்னே?”

அவள் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தார் பூசிக்கொண்டிருந்த காளியப்பன் கையை நிறுத்தினான்.

“நான் வேணாம்னுதான் சொல்லுவேன். நான் பயந்தவ, எனக்கென்ன தெரியும்? படிச்சவங்க நீங்க. நான் வேணாம்னு சொன்னா அப்படியே விட்டுருவீங்களா?”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நாலு வருஷமாக அவள் என் மேல் ஒரு நம்பிக்கை வைத்திருக்கிறாள், எனக்கு அது தெரியவே தெரியாது. கைப்பையில் கடிதம் இருந்தது. கேட்க வந்ததைக் கேட்கவில்லை. அவள் எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அடுத்த குடிசைக்குச் சொல்லப் போனாள். நானும் வருகிறேன் என்று எழுந்தேன். நீங்க வரவேணாம் என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். ஒவ்வொரு குடிசை வாசலிலும் அவள் நின்று பேசுவதையும், உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து என் பக்கம் பார்ப்பதையும் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பிறகு பஸ்ஸுக்கு நடந்தேன்.

7

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். அதிகாரி இரண்டு தடவை படித்தார். முத்திரை போட்டு உள்ளே வாங்கினார். பெங்களூருக்கு அனுப்புகிறேன், வெளியேற்றத்தை நிறுத்தி வைப்பார்களா என்று என்னால் சொல்ல முடியாது என்றார். மற்ற உரிமங்கள் நின்றுபோவது மட்டும் கிட்டத்தட்ட உறுதியாம். மாதேஷுக்குச் சேதி போய், போனில் என்னைக் கேட்காத கேள்வி கேட்டுவிட்டார். அவர் மகனுக்கும் அந்தப் பட்டியலில் உரிமம் வர இருந்தது. இதை எழுதும் இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மேலிருந்து ஒரு பதிலும் இல்லை. மாதம் முடிய நாலு நாள் இருக்கிறது. மலரில் போடுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று பாக்கி. கடிதத்தை வாங்கியபோது அதிகாரி, பதினாலு குடும்பத்தின் பெயரும் ஆதார் அட்டையில் இருக்கிறபடி சாயங்காலத்துக்குள் வேண்டும், இணைத்து அனுப்ப வேண்டும் என்றார். இதோ என்று காகிதத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ராசாத்தி, காளியப்பன் என்று எழுதினேன். அப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரிய வலைக்காரர், மூக்குத்தி அக்கா, ரேடியோ மாமா. பதினேழு வருஷம் அவர்கள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

ராசாத்திக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். கடிதம் கொடுத்துவிட்டதையும் சொன்னேன். சற்று நேரத்தில் குடிசை குடிசையாக அட்டைகளை வாங்கி வந்து, மகளைப் படிக்க வைத்து, ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். மூக்குத்தி அக்கா பெயர் சரோஜா. ரேடியோ மாமா பெயர் அருணாசலம். கடைசியாக, பூங்கொடி என்றாள். அது யார் என்று கேட்டேன்.

“நான்தான். ராசாத்தி ஊட்ல கூப்புடற பேரு.”

முதலில் எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் பூங்கொடி என்று எழுதினேன். எழுதிட்டீங்களா என்று கேட்டாள். எழுதிட்டேன் என்றேன். போனை வைக்கவில்லை. பின்னால் யாரோ எதையோ கேட்க, இரு என்று அவர்களை அடக்கினாள்.

“படிச்சுக் காட்டுங்க, மேடம்.”

முதல் பெயரிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.